பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும்

யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்: “சொல்லாதீங்க, காட்டுங்க.”

கத்தரிக்காய்க்காரி சொத்தையே இல்லை என்று சத்தியம் செய்தால், கத்தி இருக்கிறதா என்று கேட்பார். வாடகைக் கார்க்காரர் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறது என்றால் டிக்கியைத் திறக்கச் சொல்வார். ஒருமுறை அவருடைய அண்ணனே, புதுச்சரக்கு வந்திருக்கிறது, சாயம் போகவே போகாது என்று பெருமை பேசப்போக, அதில் ஒரு முழம் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டாராம். சாயங்காலம் வாளித் தண்ணீர் செக்கச்செவேல் என்றிருந்தது. அண்ணன் அந்த வாரம் முழுக்கத் தங்கையோடு பேசவில்லை. வாயால் வருகிற எதையும் நம்பாத ஒருவரோடு பழகுவது லேசில்லை. எனக்கே பலமுறை எரிச்சல் வந்திருக்கிறது.

அவர் டாக்டர். குழந்தைகளின் தலைக்குள் படம் பிடித்துப் பார்க்கிறவர். எண்பதுகளின் நடுவில், சேலத்துக் கடைவீதியில் அவர் குடும்பத்துக்கு ஒரு துணிக்கடை இருந்தது. வியாபாரமே பரம்பரையாகச் செய்துவந்த முஸ்லிம் குடும்பம். கடைக்கு மேலே மாடியில் இவருடைய அறை. படியேறும்போதே புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறும். குழந்தைகளைச் சுற்றிப் பிடிக்கிற துணியெல்லாம் கீழே கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகள்தான். ஒரு குழந்தை பூப்போட்ட வாயில் துணியில் கிடக்கும், அடுத்தது கட்டம்போட்ட சட்டைத்துணியில் கிடக்கும். தலையில் போட்டிருக்கிற முந்தானை அவருக்கு ஓயாமல் வழுக்கும், ஓயாமல் இழுத்துவிட்டுக்கொள்வார். குழந்தையின் உச்சியில் கருவியை வைத்திருக்கும் நேரத்தில் மட்டும் அது விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த மெஷின் சேலத்துக்கு வந்த புதிது. எக்ஸ்ரே மாதிரி இல்லை. காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை உள்ளே அனுப்பி, அது மோதித் திரும்பி வருவதைச் சின்ன டி.வி.யில் படமாகக் காட்டுமாம். வளர்ந்தவர்கள் மண்டைக்குள் அது நுழையாது, எலும்பு விடாது. பச்சைக்குழந்தைக்குத்தான் உச்சிக்குழி இருக்கிறதே, எலும்பு சேராமல் மெத்தென்று துடிக்கிற இடம், அது வழியாக மூளை தெரியும். உச்சி மூடிவிட்டால் அந்த வழியும் மூடிவிடும்.

எங்கள் பக்கத்தில் உச்சிக்குழி என்றால் சாமி குடியிருக்கிற இடம் மாதிரி. விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டே இருப்பார்கள், யாரையும் தொட விடமாட்டார்கள். மெஷின் அந்த வழியாகத்தான் எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்ததும் சிலர் வசம்பைச் சுட்டு அரைத்து உச்சி நிறைய அப்பிக்கொண்டு வந்தார்கள். மெஷினின் கண் பட்டுவிடக் கூடாதாம். மூளையைப் பார்க்க டாக்டரிடம் கூட்டிவருவதும் அவர்கள்தான், பார்க்கிற வழியை அடைத்துவிட்டு வருவதும் அவர்கள்தான். அவர் பஞ்சை எடுத்து அந்தக் கரியையெல்லாம் துடைத்துவிட்டு, எண்ணெயை மட்டும் துடைக்காமல் விடுவார். கருவி வழுக்கிப் போக எண்ணெய் வேண்டும், கடல் தாண்டி வருகிற களிம்பை விட உங்கள் ஊர் விளக்கெண்ணெய் ஒன்றும் மட்டமில்லை என்பார். அவர் யாரையாவது பாராட்டி நான் கேட்டது அந்த எண்ணெயை மட்டும்தான்.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பலகை தொங்கியது. ‘பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. முதலில் பார்த்தபோது, இதென்ன எழுத்து, பிறக்காத பிள்ளையையா படியேற்றிக் கூட்டி வருவார்கள் என்று நினைத்தேன். அர்த்தம் தெரிய எனக்குச் சில மாதம் ஆனது.

சங்ககிரிக்காரர் ஒருவர், லாரிகள் வைத்திருக்கிறவர், மாசமாக இருந்த மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகளாம். வயிற்றில் இருப்பது என்னவென்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். டாக்டர் எழுந்து வந்து பலகையைக் காட்டி, படிக்கச் சொன்னார். அவர் படித்தார். இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். காத்திருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் அதைப் படித்தார். பிறகு டாக்டர் மருமகளைப் பார்த்து, “பெத்துட்டு வா. எது பொறந்தாலும் கொண்டாந்து காட்டு, நான் பாக்கறேன்” என்றார். ஊருக்குள் மற்றவர்கள் இதே மெஷினை வைத்துக்கொண்டு எதைப் பார்த்துச் சொல்லி எப்படிச் செழித்தார்கள் என்று அண்ணன் படியில் நின்றே புலம்புவார். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பிரசவம் பார்க்கத் தாய்வீடு இல்லை. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கம் மாமியார் வீட்டிலேயே முதல் பிரசவம். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போர்வெல் போடப் போயிருந்தார். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். பெண் குழந்தை. தலை சின்னதாக இருந்தது. உடம்பெல்லாம் செம்புள்ளி, மஞ்சள் வேறு. சில நாளில் கைகால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. திருச்செங்கோட்டில் பார்த்த டாக்டர், சேலத்துக்குப் போய்த் தலைக்குள் படம் பிடித்து வரச் சொன்னார்.

எனக்குத் தீட்டுக் கழியவில்லை. வாசல் தாண்டக் கூடாது. அதனால் மாமியாரும் மாமனாரும் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் படம் இல்லாமல் திரும்பி வந்தார்கள். மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கொதித்துப் போயிருந்தார். குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பெத்தவ எங்கே என்று கேட்டாளாம் அந்த டாக்டர். தீட்டு என்று சொன்னதற்கு, எனக்கொன்றும் தீட்டில்லை, கூட்டிவா என்றாளாம். மறுநாள் காதில் பஞ்சை அடைத்து, தலையில் துண்டைச் சுற்றி, என்னையும் காரில் ஏற்றினார்கள். அத்தை வழியெல்லாம் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி, டி.வி.க்கு நேர் எதிரே. அதில் என்னை உட்காரச் சொன்னார் டாக்டர். அத்தை நிற்க, நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. டாக்டர் குழந்தையின் உச்சியைத் துடைக்கப் போனதும் அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க கை வெக்காதீங்க சாமி. உசுரே அங்கதானுங்க இருக்குது.”

“தெரியும்மா. நானும் அதைத்தான் பாக்கப் போறேன்.”

டி.வி.யில் கருப்பும் சாம்பலுமாக ஏதோ அசைந்தது. டாக்டர் பென்சிலால் தொட்டுத் தொட்டு என்னிடம் சொன்னார், அத்தையிடம் இல்லை. நடுவில் கருப்பாக இருப்பது மூளைக்குள் தண்ணீர் நிற்கிற அறைகள், எல்லோருக்கும் உண்டு, இவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அறைகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக மின்னுவது சுண்ணாம்பு. வயிற்றில் இருக்கும்போதே ஒரு வைரஸ் கிருமி போய் மூளையைப் புண்ணாக்கியிருக்கிறது, புண் ஆறி அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. எந்தக் கிருமி என்று உறுதியாகச் சொல்ல வேலூருக்கு ரத்தம் அனுப்ப வேண்டும், ஆனால் தடத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம் என்றார். ஒரு பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை.

அத்தைக்குப் பெயர் தேவைப்படவில்லை. அவரிடம் காரணம் தயாராக இருந்தது. “கெரகணத்தன்னைக்கு வெங்காயம் அரிஞ்சாளுங்க. சொன்னாக் கேட்டாத்தானுங்களே.”

அது உண்மைதான். ரிக் கிளம்புகிற அவசரத்தில் அவருடைய மகன் பசிக்கிறது என்றார், அரிந்தேன். அன்றிலிருந்து குழந்தையின் ஒவ்வொரு வலிப்புக்கும் அந்த வெங்காயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

டாக்டர் கருவியை எடுக்காமலே சொன்னார். “கிரகணத்துக்கு இப்படியெல்லாம் சுண்ணாம்பு வைக்கத் தெரியாது. இவ ஒண்ணும் பண்ணல. இவளுக்கு லேசா ஒரு காய்ச்சல் வந்திருக்கும், அதுகூடத் தெரிஞ்சிருக்காது.”

“எங்கூட்டுக்குள்ள அப்படியொரு கிருமி எப்படீங்க வந்துச்சு?”

“ஊர்ல அது வந்து போகாத உடம்பே இல்ல. உங்க உடம்புலயும் இருக்கும்.”

அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இந்தச் சந்தோஷத்துக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

பிறகு அத்தை கேட்க வேண்டியதைக் கேட்டார். தேறுமா? தெரியாது என்றார் டாக்டர். நடக்குமா, பேசுமா? தெரியாது. படத்தில் தெரிவது தழும்பு, தழும்பை வைத்து வாழ்க்கையைச் சொல்ல முடியாது என்றார். எல்லாம் தலையெழுத்து என்று அத்தை ஆரம்பிக்க, டாக்டர் டி.வி.யைக் காட்டி, எழுத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறதா என்றார். இத்தனை படித்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அத்தை விடாமல் கேட்கவும், முதல்முறையாகக் குரல் ஏறியது.

“தெரியாததை நான் சொன்னேன்னு வைங்க, நீங்க ஊட்டுக்குப் போயி அதை நிஜமாக்கிடுவீங்க.”

எங்கள் பாஷையிலேயே ‘ஊடு’ என்றார். வேண்டுமென்றேதான் சொன்னார். வலிப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் குழந்தையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், உச்சி மூடும்வரை மாதாமாதம் தலைக்குள் பார்க்க வேண்டும் என்றார். தேதி சொன்னால் மறந்துவிடுகிறீர்கள், அமாவாசையை எந்த வீட்டிலும் மறப்பதில்லை, எனக்கும் பிறை பார்க்கிற பழக்கம் உண்டு என்றார். “வருவியா?” என்று என்னைக் கேட்டார். “பாக்கலாமுங்க” என்று அத்தை சொன்னார். மாதாமாதம் அவர் என்னைத்தான் கேட்பார், மாதாமாதம் அத்தைதான் பதில் சொல்வார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அத்தை என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மிகவும் பிரியமாகப் பேசினார்.

“ஏங்கண்ணு, இத வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? பொட்டப்புள்ள வேற. ஒரு ரண்டு நாளு பாலில்லீன்னா தானா அடங்கிரும். உனக்கு வயசிருக்குது.”

இப்படிச் சொன்னவர் ஊரில் அவர் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் நல்ல பெண் குழந்தைகளுக்கே இந்தப் பேச்சு உண்டு. அதனால் அத்தையை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அன்றைக்கு எனக்கு எதிர்த்துப் பேசத் தைரியமும் இல்லை, போய் நிற்க இடமும் இல்லை. கையில் இருந்தது ஒன்றுதான். அதை எடுத்து நீட்டினேன்.

“அமாவாசைக்கு மறுநாளு டாக்டரம்மா கேப்பாங்கத்தை.”

வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமனார், “ஆமா, கேப்பா அவ, லேசுல விடமாட்டா” என்று முனகினார். அத்தையின் கை என் தலையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தேய்த்தது. அன்றிலிருந்து எனக்கு அமாவாசையிலிருந்து அமாவாசை வரைதான் கணக்கு. ஒன்று தாண்டினால் மூச்சு விடுவேன், அடுத்ததற்குப் பயப்பட ஆரம்பிப்பேன்.

டாக்டர் எதற்காக இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று மாடிப்படியில் எனக்குச் சொன்னவள் இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த ஒருத்தி, தறிக்காரர் வீட்டுப் பெண். அவள் குழந்தைக்கும் இதே மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஜலகண்டாபுரத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு வீடு. அங்கேயும் ஒரு பெண் குழந்தை, தலைக்குள் சுண்ணாம்பு. டாக்டர் பார்த்துவிட்டு, கஷ்டம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அந்த ஊர்க்காரர் யாரையோ பார்த்துக் குழந்தையை விசாரிக்க, அது அப்போதே போய்விட்டது, காய்ச்சல் என்றார்களாம். அன்றே டாக்டர் அங்கே கிளம்பிப் போய்விட்டார். அந்த வீட்டு வாசலில் நின்று, எங்கே புதைத்தீர்கள், காட்டுங்கள் என்றாராம். காட்டுக் கடைசியில் வேலி ஓரம் ஒரு இடத்தைக் காட்டினார்கள். வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பும்போது தாயிடம் மட்டும், அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது என்றாராம். இளம்பிள்ளைக்காரி இதைச் சொல்லிவிட்டுத் தன் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். நானும் இறுக்கிக்கொண்டேன். ‘தெரியாது’ என்று அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

ஐப்பசி மழையில் நாங்கள் ஒரு தடவை போகவில்லை. பாலத்தில் தண்ணீர் போகிறது, பஸ் வரவில்லை என்றார் அத்தை. பஸ் வந்தது, ஹாரன் சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் எனக்குக் கடும் காய்ச்சல், எழுந்து உட்கார முடியவில்லை, பால் வற்றிவிட்டது. காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று குழந்தையை என்னிடமிருந்து எடுத்துப் பருத்தி போட்டு வைக்கிற அறையில் படுக்கவைத்திருந்தார்கள். முதல் நாள் அதன் அழுகை கேட்டது. மறுநாள் கேட்கவில்லை. “தூங்குது, நீ தூங்கு” என்றார் அத்தை. சுவரைப் பிடித்து எழுந்து இரண்டடி வைத்து விழுந்தேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். யாரும் வரவில்லை.

மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. துணிக்கடை வேன், பின்னால் மூட்டைகள் அப்படியே இருந்தன. அண்ணனின் சரக்கை இறக்கக்கூட விடாமல் டாக்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முந்தானை தோளில் கிடக்க, நேரே உள்ளே வந்தார்.

“காட்டுங்க.”

“தூங்குதுங்க.”

“தூங்கறதைக் காட்டுங்க.”

மாமனார் கட்டிலிலிருந்து எழுந்து வழியில் நின்றார். எங்கூட்டுப் புள்ளைய எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும் என்றார். ஊர்ப் பெரிய மனிதர், அவருக்கு எதிரே பெண்கள் நின்று பேசி நான் பார்த்ததில்லை. டாக்டர் நின்று பேசினார். “பாத்துக்குங்க. நானும் பாத்துக்கறேன்.” இவ்வளவுதான் சொன்னார். அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

குழந்தையைத் தூக்கி வந்தபோது அதன் உதடு காய்ந்து வெடித்திருந்தது, உச்சி குழிந்து கிடந்தது. உச்சியைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பாலும் சங்கும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்ததும் அத்தையை உட்காரச் சொல்லி, குழந்தையை அவர் மடியில் போட்டு, “நீங்க ஊத்துங்க” என்றார். சங்கின் முனை குழந்தையின் உதட்டில் பட்டதும் அது சப்பியது. அப்படி ஒரு வேகத்தில் சப்பியது. அத்தை அடுத்த வாய் ஊற்றினார், அதற்கு அடுத்ததும் ஊற்றினார். இரண்டாம் தடவை பால் கொடுக்கும் நேரம் வரைக்கும் டாக்டர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்து, அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். போகும்போது அத்தையிடம், “அமாவாசை போயிடுச்சு, பரவால்ல. அடுத்ததுக்கு வாங்க” என்றார், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு அமாவாசையும் தவறவில்லை. அத்தையே பையை எடுத்து வைப்பார். பயமா, வெட்கமா, இல்லை அந்த வாய் அப்படிச் சப்பியதுதானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என் மகளுக்கு இரண்டு காதும் கேட்காது. நடக்க வெகுகாலம் ஆனது. வலது கை கொஞ்சம் பலம் குறைவு. கோபத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, பிடிக்காத குழம்பு என்றால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவாள். அவள் அப்படி எழுந்து போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, ஒரு அமாவாசைக்கு மறுநாள், டாக்டர் வழக்கம்போல உச்சியில் விரலை வைத்தார். தடவினார், இன்னொரு தடவை தடவினார். கருவியை எடுக்கவில்லை. மூடிவிட்டது என்றார்.

அத்தை பெருமூச்சு விட்டார். “அப்ப இனி வர வேண்டியதில்லீங்களா?”

“அடுத்த மாசம் வரணும்.”

“அதான் அடஞ்சுபோச்சுங்களே. இனி என்னத்தைப் பாப்பீங்க?”

டாக்டர் மெஷினின் ஸ்விட்சை அணைத்தார். டி.வி. இருண்டது. கட்டம்போட்ட சட்டைத்துணியில் சுற்றியிருந்த என் மகளைத் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவள் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அது தலையிலிருந்து விழுந்தது. அவர் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

“மெஷினுக்குத்தான் அடஞ்சுது. எனக்குக் கண்ணு இருக்கு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மழையில் வேனில் வந்த அன்று அவர் மெஷினைக் கொண்டுவரவில்லை. தழும்பு ஒரு மாதத்தில் மாறிவிடுவதா என்ன? முதல் நாள் பார்த்தது முதல் நாளே முடிந்திருந்தது. அதற்குப் பிறகு மாதாமாதம் அவர் பார்த்ததெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான்: இவள் இருக்கிறாளா என்று.

“வருவியா?” என்று என்னைக் கேட்டார்.

அத்தை வாயைத் திறந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து என் மகளைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

“வாரேனுங்க” என்றேன்.